தாய்மாமன் சேலை

தனுஜாவுக்கு வேட்டி கட்ட வராது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் கட்டியிருக்கிறாள், அப்பா நல்லசாமிக்குக் கொள்ளி வைத்த அன்று. அன்றைக்கும் அவளாகக் கட்டவில்லை. தோட்டத்து ஆண்கள் சுற்றி நின்று கட்டிவிட்டார்கள். போதாததற்குக் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து, தோள்வரை வளர்ந்திருந்த முடியையும் வெட்டிவிட்டார்கள். இனி இந்தத் துணி என் இடுப்பில் ஏறாது என்று சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் சொன்னவள், இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெராமில் தன் வாடகை வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, பட்டு வேட்டியின் முனையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“மூச்சு விட முடியுதாக்கா?” என்று கேட்டாள் புஷ்பா.

தனுஜா ஓட்டும் ஃபேக்டரி வேனில் தினமும் முன்சீட்டில் உட்கார்ந்து கையுறை ஆலைக்குப் போகிறவள் புஷ்பா. சுளுக்குக்குச் சுற்றும் பட்டைத் துணியால் தனுஜாவின் மார்பை இறுக்கிச் சுற்றிவிட்டது அவள்தான்.

“முடியல. ஆனா தட்டையா இருக்குல்ல?”

“இருக்கு லா. அதுக்காக இப்படியா?”

தனுஜா இடுப்புவரை இருந்த முடியை உச்சியில் சுருட்டி, மேலே ஜரிகைத் தலைப்பாகையை வைத்து அழுத்தினாள். முடியை வெட்டிக்கொண்டு வரும்படிதான் சொல்லியிருந்தார்கள். அதை மட்டும் மாட்டேன் என்றாள். மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டாள்.

ஏன் தலையாட்டினாள் என்றால், தங்கை கேட்டதற்காக. ஈஜோக்கில் இருக்கும் தங்கை லீலாவதியின் மகள் யஷ்வினிக்கு அன்று சடங்கு. பெண் பெரிய மனுஷியானால் தாய்மாமன் இல்லாமல் காரியம் நடக்காது. தண்ணீர் ஊற்றி முடித்த பெண்ணின் ஈர உடம்பில் முதலில் ஏற வேண்டியது தாய்மாமன் கொண்டுவந்த சேலை. அதைக் கட்டிக்கொண்டு வெளியே வந்ததும் கழுத்தில் முதலில் விழ வேண்டியது தாய்மாமன் போடும் மாலை. தண்ணீர் ஊற்றுவதும் சேலை கட்டிவிடுவதும் மறைப்புக்கு உள்ளே, பெண்கள் மட்டும் இருக்கும் இடத்தில் நடக்கும். மாமன் மாலையோடு வெளியே நிற்பான். லீலாவதிக்கு உடன்பிறப்பு ஒரே ஒருவர்தான். பிறந்தபோது அந்தப் பிள்ளைக்குத் திலீப் என்று பேர் வைத்தார்கள். அடையாள அட்டையான ஐசியில் இன்றும் அந்தப் பேர்தான் இருக்கிறது.

யஷ்வினிக்கு அந்தப் பேர் தெரியாது. அவளுக்கு இருப்பது ஜெராம் பெரிம்மா. பள்ளி விடுமுறையில் வேனில் கூடவே சுற்றி, பெரிம்மாவின் துண்டை எடுத்துத் தாறுமாறாகச் சேலை சுற்றிக்கொண்டு, “எனக்கு மொத சேலை நீங்கதான் கட்டி விடணும், ப்ராமிஸ்?” என்று கை நீட்டிய பிள்ளை. “நான் இல்லாம வேற எவடி கட்டுவா?” என்று அந்தக் கையில் அடித்துக் கொடுத்திருந்தாள் தனுஜா. அடித்துக் கொடுக்கும்போது எந்த மறைப்புக்கு எந்தப் பக்கம் தன்னை நிற்க வைப்பார்கள் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

தாய்மாமனாக வரும்படி கேட்கத்தான் லீலாவதி ஜெராமுக்கு வந்திருந்தாள். அவள் புருஷன் உமாபதியின் அக்கா அம்சவள்ளி சொல்லி அனுப்பியிருந்தாள்: “சொந்தத் தாய்மாமன் உசுரோட இருக்கையில ஒண்ணுவிட்டவன் மாலை போட்டா புள்ளைக்கு ஆகாது. வரட்டும். ஆனா ஆம்பளையா வரட்டும். சேலையில வர்றதா இருந்தா வாசல மிதிக்க வேணாம்.”

“சடங்கு அவங்க பொண்ணுக்கா, என் புள்ளைக்கான்னு கேக்க வேண்டியதுதானே லீலா?”

“கேட்டுட்டு நான் அந்த வீட்டுலதானே இருக்கணும்? ஒரே ஒரு காலையிலக்கா. மாலைய போட்டுட்டு வந்துரு.”

தனுஜா முடியாது என்று எழுந்தபோது, லீலாவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே” என்றாள்.

அப்பா அடித்துத் துரத்திய நாளிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை அது. பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே தோட்டத்து லய வீட்டை விட்டு ஓடியவள் தனுஜா. கோலாலம்பூரில் பாத்திரம் கழுவினாள், அடுக்குமாடிகளில் படிக்கட்டு துடைத்தாள், படக்கூடாததெல்லாம் பட்டாள். அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வந்து போனதைத் தவிர, அம்மா தாயம்மா படுத்த படுக்கையானபோதுதான் திரும்பி வந்தாள். தாயம்மா அவளைத் திலீப் என்றும் கூப்பிடவில்லை, தனுஜா என்றும் கூப்பிடவில்லை. கடைசிவரை “ஏய்” என்றுதான் கூப்பிட்டாள், ஆனால் அவள் கையைத் தவிர வேறு யார் கையாலும் ஒரு வாய் கஞ்சி வாங்கவில்லை. அம்மா போன பிறகு லீலாவதிக்கு மாப்பிள்ளை பார்த்ததும், அந்தக் கல்யாணப் பந்தலுக்குள் கால் வைக்காமல் சாலையோரம் வேனுக்குள் உட்கார்ந்திருந்ததும் இவள்தான். அதெல்லாம் தெரிந்தேதான் தங்கை “அண்ணே” என்றாள். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது தனுஜாவுக்கு. சரி என்றுவிட்டாள்.

இப்போது வேனில் சீர்த்தட்டுகளை ஏற்றியாகிவிட்டது. மஞ்சள், குங்குமம், பழம், தேங்காய், வளையல்; நடுத்தட்டில் யஷ்வினிக்கு எடுத்த ரோஸ் நிறப் பட்டு, பக்கத்தில் லீலாவதிக்கு ஒரு மாம்பழ நிறச் சேலை. வேனில் வழக்கமாக வரும் பெண்கள் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வேலைக்குப் போகும் நாட்களில் வேனே அதிரும்படி பேசுகிறவர்கள் இன்று ஒரு வார்த்தை பேசவில்லை. தனுஜா ஸ்டியரிங்கை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, அரை அரை மூச்சாக விட்டபடி ஓட்டினாள்.

செம்பனைக் காடு தொடங்கும் வளைவு தாண்டியதும் போலீஸ் தடுப்பு இருந்தது.

இந்தச் சாலைத் தடுப்புகள் அவளுக்குப் புதிதல்ல. சுரிதாரில் இருக்கும்போது மறித்தால் என்ன கேட்பார்கள், எங்கே சிரிப்பார்கள், எந்த இடத்தில் “சோரி என்சே” என்று மன்னிப்புக் கேட்டுக் குனிந்தால் விடுவார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. பெண் வேஷம் போட்ட ஆண் என்று அவர்கள் ஒரு முடிவுக்கு வந்து, கேலி பண்ணிச் சலித்து, ஐசியைத் திருப்பிக் கொடுப்பார்கள். இன்று வேட்டியில் வந்திருக்கிறாள். எந்தப் பதிலும் தயாராக இல்லை.

இளம் போலீஸ்காரன் ஐசியைப் பார்த்தான், மழமழவென்றிருந்த முகத்தைப் பார்த்தான், காதில் இருந்த ஓட்டையைப் பார்த்தான்.

“அபாங் கே, காகாக் கே?” என்று கேட்டான். அண்ணனா, அக்காவா.

தனுஜா பேசாமல் இருந்தாள். பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

இறங்கச் சொன்னான். தலைப்பாகையை எடுக்கச் சொன்னான். எடுத்ததும் முடி சரிந்து இடுப்பில் விழுந்தது. பின்னால் நின்ற கார்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. சட்டைக்குள் தடிப்பாக ஏதோ சுற்றியிருப்பது அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. கையிலிருந்த டார்ச்சின் முனையால் மார்பை ஒரு குத்துக் குத்தினான்.

“உள்ளே என்ன கட்டியிருக்கிறாய்? போதைப்பொருளா?” என்று மலாயில் கேட்டான். “சட்டையைத் தூக்கு.”

சட்டையைத் தூக்குவதா, இந்த நடுச்சாலையில்? தனுஜா தெரிந்த மலாயைத் திரட்டி, பெண் போலீஸ் இருந்தால் அவர் சோதித்துக்கொள்ளட்டும், காட்டுகிறேன் என்றாள்.

அவன் ஐசியை அவள் மூக்குக்கு நேரே ஆட்டிச் சிரித்தான். “இதில் ஆண் என்று இருக்கிறது. ஆணுக்கு எதற்குப் பெண் போலீஸ்?”

 ஒரு தடவை குடல்வால் வலியில் துடித்துப் போய் ஆஸ்பத்திரியில் விழுந்தபோதும் இதே கதைதான். ஐசியைப் பார்த்து ஆண்கள் வார்டில் போட்டார்கள். நோயாளி பார்க்க வந்தவர்கள் எல்லாம் அவள் கட்டிலையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போக, தையல் ஆறும் முன்பே ஓடி வந்துவிட்டாள். கிளினிக்கில் காத்திருக்கும்போது “திலீப்!” என்று கூப்பிடுவார்கள். எழுந்தால் அத்தனை தலையும் திரும்பும். அதனால் காய்ச்சல் வந்தாலும் கைவைத்தியத்தோடு சரி. அந்தப் பேரைச் சத்தமாகக் கூப்பிடும் இடங்களில் எல்லாம் அவளிடமிருந்து ஏதாவது ஒன்றைப் பிடுங்காமல் விட்டதில்லை.

“தூக்கு” என்றான் மறுபடியும்.

தனுஜாவின் கை சட்டை நுனிக்குப் போனது. அதற்குள் புஷ்பா கதவைத் திறந்து இறங்கி, மஞ்சளும் தேங்காயும் இருந்த தட்டோடு இருவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். அரைகுறை மலாயில், சடங்கு இருக்கிறது, நேரம் போகிறது, இவர்தான் முக்கியமான ஆள் என்று விடாமல் பேசினாள். தள்ளி நின்றிருந்த வயதான சார்ஜன் என்ன சத்தம் என்று வந்தார். தட்டைப் பார்த்தார், வேனுக்குள் இருந்த மாலையைப் பார்த்தார். தனுஜாவின் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அந்த இளைஞனின் கையிலிருந்து ஐசியை வாங்கி அவளிடம் நீட்டினார்.

“பெர்கி” என்றார். போ.

யோக்கியமான மனிதர் என்று சொல்லலாம்தான். ஆனால் ஒருவர் நல்ல மனநிலையில் இருந்ததால் மட்டுமே தப்பித்து வந்தோம் என்பது எத்தனை தடவை நடந்தாலும் நிம்மதி தராது. மிச்ச தூரம் முழுக்க டார்ச் குத்திய இடம் வலித்துக்கொண்டே இருந்தது.

ஈஜோக் வீட்டு வாசலில் கொட்டகை போட்டு, மைக் கட்டியிருந்தார்கள். அம்சவள்ளி வேனைப் பார்த்ததும் வந்தாள். தனுஜாவை உச்சியிலிருந்து பாதம்வரை அளந்தாள். அவசரத்தில் சுற்றிய தலைப்பாகையிலிருந்து ஒரு கற்றை முடி தொங்கிக்கொண்டிருந்தது. அம்சவள்ளி தன் கையாலேயே அதை உள்ளே தள்ளிவிட்டாள்.

“லேட்டு. தண்ணி ஊத்த ஆரம்பிச்சாச்சு. மாலைய எடுத்துட்டு மறைப்பு பக்கமா நில்லுங்க தம்பி.”

இத்தனை வருஷத்தில் அவள் தனுஜாவிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தைகள். உமாபதி எதிரில் வந்து, “வாங்க மச்சான்” என்று கையைக் குலுக்கினார். இதுவரை அவளை எந்த முறையும் வைத்துக் கூப்பிட்டதில்லை அவர். வேட்டி கட்டினால் எவ்வளவு மரியாதை கிடைக்கிறது பாருங்கள்.

சுங்கை சோவிலிருந்து சித்தப்பா மகன் முகுந்தன் வந்திருந்தான். அவனும் பட்டு வேட்டியில்தான் இருந்தான். இவள் வராமல் போனால் என்று அம்சவள்ளி ஏற்பாடு பண்ணி வைத்த ஆள். தனுஜாவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

வீட்டின் பக்கவாட்டில் குழாயடியைச் சுற்றிக் கம்பு நட்டு, பழைய சேலைகளைக் கட்டி மறைத்திருந்தார்கள். உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தமும் பெண்கள் பேச்சும் கேட்டது. தனுஜா மாலையோடு வெளியே போய் நின்றாள். கனமான மாலை. கட்டிய மார்புக்குள் மூச்சு போக மறுத்தது. உள்ளே இருக்கும் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கை அந்தச் சேலைகளுக்கு இந்தப் பக்கம் நின்றே உடைத்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் சத்தம் நின்றது. புஷ்பா ரோஸ் பட்டுத் தட்டை உள்ளே நீட்டினாள். மைக் பிடித்திருந்தவர் தொண்டையைக் கனைத்தார்.

“தாய்மாமன் திரு. திலீப் அவர்கள் மாலையுடன் தயாராக இருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.”

உள்ளேயிருந்து யஷ்வினியின் குரல் வந்தது. “யாரும்மா அது திலீப்?”



“பேசாம சேலைய கட்டு” என்றாள் லீலாவதி.

“பெரிம்மா வந்துட்டாங்களா? வேன் சத்தம் கேட்டுச்சே. அவங்கள உள்ள வரச் சொல்லும்மா. அவங்கதான் கட்டி விடணும்.”

“அவங்க... வெளிய இருக்காங்க. நான் கட்டி விடறேன், கைய தூக்கு.”

“நோ. அவங்க ப்ராமிஸ் பண்ணாங்க. அவங்க வராம நான் கட்ட மாட்டேன்.”

அதட்டினார்கள், கெஞ்சினார்கள். பிள்ளை அசையவில்லை. ஈரத் துணியோடு நிற்கிறாள், மாமன் சேலை ஏறாமல் வேறு துணியும் போர்த்தக் கூடாது. பல் கிடுகிடுக்கும் சத்தம்கூட வெளியே கேட்டது. அம்சவள்ளி மறைப்பருகே வேகமாக வந்தாள். தனுஜா மாலையைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். பிள்ளை எப்படியும் குளிருக்குப் பணிந்துவிடும். மாலையைப் போட்டுவிடலாம், லீலாவதிக்கு வீட்டில் பேச்சு வராது, எல்லாம் முடிந்துவிடும். பிறகு யஷ்வினி இந்த வேட்டியைப் பார்ப்பாள். பார்த்த பிறகு பெரிம்மா என்று யாரைக் கூப்பிடுவாள்?

அவள் முகுந்தனைத் தேடிப் போய் மாலையை நீட்டினாள்.

“இத புடி தம்பி.”

“எனக்கு வேணாங்க்கா. ஒங்க உரிமை” என்றான் அவன். அக்கா என்றதைச் சுற்றி இருந்தவர்கள் கேட்டார்கள்.

“புடி லா, கை வலிக்குது.”

மாலை கைமாறியதைப் பார்த்த அம்சவள்ளி குறுக்கே வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. அடங்கிய குரலில்தான் சொன்னாள்.

“நல்லா யோசிச்சுக்க. அந்தத் துணிய தாண்டி உள்ள போனா நீ மாமன் கெடையாது. இன்னிக்கு மட்டும் இல்ல, அவ கல்யாணத்துக்கும் இல்ல, பொறக்கப்போற புள்ளைக்கு மொட்ட எடுக்கவும் இல்ல. ரெண்டுல ஒண்ணுதான்.”

“தெரியும் அண்ணி.”

“உள்ள பொம்பளைங்க நிக்கிறாங்க. வேட்டியோட போவியா?”

தனுஜா மறைப்புக்கு ஒரு கை தூரத்தில் நின்றுவிட்டாள். அந்தப் பழைய சேலையைத் தானே விலக்கிக்கொண்டு நுழைய அவளுக்குத் துணிவு வரவில்லை. சாலையில் எல்லாருக்கும் முன்னால் சட்டையைத் தூக்கச் சொன்னபோதுகூட இப்படிப் பயப்படவில்லை. உள்ளேயிருந்து ஒருத்தி கத்தினால் போதும், கொட்டகையில் இருக்கும் ஆண்கள் அத்தனை பேரும் எழுந்து வருவார்கள். உமாபதி ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தார்.

“லீலா” என்று கூப்பிட்டாள்.

 லீலாவதி அந்தச் சேலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள் என்பது துணிக்கு அடியில் தெரிந்த பாதங்களிலிருந்து புரிந்தது. பாதங்கள் நகரவில்லை. புருஷன் வீடு, நாத்தனார், நாளைக்கு என்ன பேசுவார்கள், எல்லாம் அந்தப் பாதங்களுக்குத் தெரிந்திருந்தது. தனுஜா திரும்பிப் போய்விடலாமா என்று வேனைப் பார்த்தாள்.

மஞ்சள் பூசிய கை ஒன்று வந்து சேலையை விலக்கியது.

“உள்ள வாக்கா” என்றாள் லீலாவதி, கொட்டகைவரை கேட்கும்படி. “புள்ள நடுங்குது.”

தனுஜா உள்ளே போனாள். ஒருத்தி சொம்பை வைத்துவிட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு வெளியே போனாள். இன்னொருத்தி சற்று நகர்ந்து இடம் விட்டாள். யஷ்வினி தலைப்பாகையை, சட்டையை, வேட்டியைப் பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

“யாரு பெரிம்மா ஒங்கள இப்படி பண்ணது?”

அந்தக் கேள்வியில் தனுஜாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தலைப்பாகையைக் கழற்றிக் கீழே போட்டாள். லீலாவதி தனக்கு வந்த மாம்பழ நிறச் சேலையை உதறி, அக்காவின் சட்டைக்கு மேல் போர்த்திவிட்டாள். தனுஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊசிகளை எடுத்து வாயில் கவ்வி, ரோஸ் பட்டின் முனையைப் பிள்ளையின் இடுப்பில் செருகினாள். வேட்டிக்குத் திணறிய விரல்கள் இதில் தன்னால் ஓடின. ஒரு சுற்று, தோளுக்கு முந்தானை, பிறகு குனிந்து மடிப்பு.

வெளியே மாலை கைமாறியது மைக் பிடித்தவருக்குத் தெரியவில்லை. 

“தாய்மாமன் திரு. திலீப் எங்கிருந்தாலும் உடனே மறைப்பு அருகில் வரவும்.”

யாரோ அவரிடம் போய் ஏதோ சொன்னார்கள். அவருக்குப் புரியவில்லை போலிருக்கிறது. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார்.

“திரு. திலீப்! திரு. திலீப்!”

உள்ளே இருந்த பெண்கள் தனுஜாவைப் பார்த்தார்கள். அவள் நிமிரவில்லை. யஷ்வினி தன் காலடியில் உட்கார்ந்து மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தவளின் வேட்டியையும், அவிழ்ந்து தரையில் புரண்ட முடியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு யாருக்கும் கேட்காமல் குனிந்து கேட்டாள்.

“பெரிம்மா, அந்த திலீப் இனிமே வரவே மாட்டாரா?”

“வர மாட்டாருடி” என்றாள் தனுஜா, வாயிலிருந்து ஊசியை எடுத்தபடி. “நீ ஆடாம நில்லு, மடிப்பு கலையுது.”